பழைய இணையதளத்துக்குப் புதுமுகம்: செங்கோட்டையிலிருந்து சில எச்சரிக்கைகள்

செங்கோட்டை, குற்றாலம், ஆரியங்காவு வட்டாரத்தின் பேருந்து, ரயில் நேரங்களையும் தங்குமிட விவரங்களையும் தருவதற்காக எங்கள் குடும்பம் 2003இல் தொடங்கிய இணையதளத்தை இந்த ஆண்டு முற்றிலுமாக மாற்றி அமைத்தோம். முகப்பில் விழுந்துகொண்டிருந்த குற்றால அருவி, ஃபிளாஷ் என்ற அசைபட மென்பொருளில் செய்யப்பட்டது. 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷின் ஆயுள் முடிந்ததால் அந்த இடத்தில் வெறும் கட்டம்தான் மிஞ்சியிருந்தது. குரோம் உலாவியோ 2018 ஜூலையிலிருந்தே முகவரிக்குப் பக்கத்தில் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டி, வருகிறவர்களை வாசலிலேயே மிரட்டிக்கொண்டிருந்தது. வேலை நல்லபடியாக முடிந்துவிட்டாலும் இடையில் பட்ட எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

முதல் முட்டுக்கட்டைக்கும் தோற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை. தளத்தை முதலில் கட்டிக்கொடுத்தவர் டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிந்திருந்தார். நல்ல மனிதர், கேட்டவுடன் ஒப்புதல் கொடுத்தார். ஆனால் பதிவு நிறுவனத்தின் உதவி மையத்தில் பேசியவர், முதலில் உரிமையாளர் பெயரை மாற்றுங்கள், பிறகு வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம் என்று வழிகாட்டினார். அப்படியே செய்த மறுநாள், பெயர் மாறியதால் 60 நாள்களுக்கு டொமைனை இடம் மாற்ற முடியாது என்று அதே நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. டாட் காம் முகவரிகளுக்கு இந்தப் பூட்டு உண்டு. பெயர் மாற்றத்துக்கு முன்பே அதிலிருந்து விலக்குக் கேட்கும் வசதியைச் சில நிறுவனங்கள் தருகின்றன. முதலில் இடத்தை மாற்றிவிட்டுப் பெயரை மாற்றுவதே தொல்லையில்லாத வழி. குற்றாலச் சீசன் தொடங்கும் நேரத்தில் இது தெரிந்து யாருக்கு என்ன பயன்?

அடுத்தது லோகோ. 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய கொல்லம்–செங்கோட்டைப் பாதையில், கழுத்துருட்டியில் இருக்கும் பதிமூன்று கண் பாலமும் அதன் மேல் புகைவிட்டுச் செல்லும் எஞ்சினுமே எங்கள் பழைய சின்னம். மீட்டர் கேஜ் ரயில் 2010இல் நின்று, 2018இல் அகலப்பாதை முழுமையாகத் திறந்த பிறகும் அந்தப் புகைவண்டி எங்கள் தளத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மூலக்கோப்பு புனலூரில் ஓர் அச்சகத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். தொலைபேசியில் உறுதி செய்துகொண்டு மலையேறிப் போனால், எடுத்துக் கொடுத்த குறுந்தகடு எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. கடைசியில் வீட்டுப் பரணில் கிடைத்த பழைய லெட்டர்பேடை ஸ்கேன் செய்து, அதன்மேல் கோடு கோடாக வரைய வேண்டியதாயிற்று. புதிய லோகோவை வாங்கும்போது பி.என்.ஜி. படத்தை மட்டும் பெற்றுக்கொண்டு பணத்தை முடித்துவிடாதீர்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத எஸ்.வி.ஜி. கோப்பையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வடிவமைப்பாளர் கொல்லத்துக்காரர், கைதேர்ந்த கலைஞர். இருந்தும் அவர் அனுப்பிய முதல் மாதிரியில் ‘செங்கோட்டை’ என்ற பெயரில், ச-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு நகர்ந்து ங-வுடன் ஒட்டிக்கொண்டிருந்தது. “எல்லா அட்சரமும் உண்டல்லோ, சாரே?” என்றார். மலையாளத்திலும் கொம்பு எழுத்துக்கு முன்னால்தான் நிற்கும் என்பதால், அவருடைய சொந்த ஊர்ப் பெயரான கொல்லத்தையே அதே மென்பொருளில் மலையாளத்தில் தட்டச்சு செய்து பார்க்கச் சொன்னேன். அதுவும் அலங்கோலமாக வந்ததும் சிரித்துவிட்டார். அவர் பயன்படுத்திய இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ என்பதை இயக்கி, பத்தி அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கானதைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கோளாறு போய்விடும். எழுத்து சரியாக வந்தவுடன் அதை வெளிக்கோடுகளாக மாற்றிவிட்டால், அச்சகத்தில் மறுபடி உடையாது.

பாலத்துக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. உலாவித் தாவலின் ஓரத்தில் வரும் சின்னத்துக்குக் கிடைப்பது 16 பிக்சல் சதுரம். அதில் பதிமூன்று கண்களையும் அடைத்தால் அழுக்குக் கறைபோல் தெரிகிறது. மூன்று கண்களாகக் குறைத்தபோது பெரியப்பா, “மீதிப் பத்தை எவன் இடிச்சான்?” என்று கேட்டுவிட்டார். ஆகவே பெரிய லோகோவில் பதிமூன்றும், சின்னதில் மூன்றும் என்று சமாதானம் ஆயிற்று.

இடைமுகத்தைப் பொறுத்தவரை, நிறம், கட்டங்கள், பட்டி எல்லாம் ஒரே அமர்வில் முடிந்தன. தமிழ் எழுத்தை ஏற்றியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஆங்கிலத்தை வைத்து அளவு பார்த்த பொத்தான்களில் ‘தங்கும் விடுதிகள்’ இரண்டு வரியாக வழிந்தது. வரி உயரம் எழுத்தளவில் 1.2 மடங்கு என்று இருந்ததால் தலைப்புகளில் ரு-வின் வால் வெட்டுப்பட்டு, ‘ஐந்தருவி’ ‘ஐந்தரவி’ ஆகியிருந்தது. 1.7 ஆக உயர்த்திய பிறகே எழுத்து மூச்சுவிட்டது. வடிவமைப்பாளர் காட்டும் மாதிரியில் தமிழ் இல்லாவிட்டால் அதற்கு ஒப்புதல் தராதீர்கள். விலை குறைந்த கைப்பேசி ஒன்றில், வெயிலில் நின்று பாருங்கள்.

பாமினி எழுத்துருவில் இருந்த பழைய பக்கங்களை, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுவதற்கு இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. ஆனால் அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால், நடுவில் வரும் ஏ.எம்., பி.எம். எல்லாவற்றையும் கருவி தமிழ் என்று எண்ணி மாற்றிவிடுகிறது. காலை வண்டியா மாலை வண்டியா என்று தெரியாத கால அட்டவணையை யார் நம்புவார்கள்? அவற்றை உட்கார்ந்து கையால் திருத்தினோம்.

பழைய பக்க முகவரிகள் ஒவ்வொன்றையும் புதியதற்கு, நிரந்தரமாக இடம் மாறியதைச் சொல்லும் 301 வழிமாற்றத்தால் இணைத்ததால், கூகுள் தேடல் வழியாக வருகிறவர்கள் வழிதவறவில்லை. மலையாளப் பக்கங்கள் இன்னும் பழைய கோலத்திலேயே இருக்கின்றன. சபரிமலைக்குப் போகிறவர்கள் புளியரை வழியாக வரத் தொடங்கும் கார்த்திகைக்கு முன் அவற்றையும் முடிக்க வேண்டும் என்பதால் வேலையைக் கொல்லத்துக்காரரிடமே கொடுத்திருக்கிறோம். பாதித் தொகை, கைப்பேசியில் எழுத்தைச் சரிபார்த்த பிறகுதான் என்று இந்த முறை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம்.