இஞ்சி ஜாடிக் குறிப்புகள்

டிசம்பர் 28
பியர் காய்ச்சும் எண்ணத்தை இன்று கைவிட்டேன். மூன்று வாரங்களாகப் படித்தது வீண் என்று சொல்ல மாட்டேன். முளைகட்டி உலர்த்திய பார்லியை 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும் என்பதும், ஹாப்ஸ் பூவைக் கொதிக்கவிடுவது கசப்புக்கு மட்டுமன்றிக் கெடாமல் காப்பதற்கும்தான் என்பதும், லாகர் என்ற பியர் வகையைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் 10 டிகிரிக் குளிரிலும் வேலை செய்யும் என்பதும் எனக்குப் புதியவை. நீலகிரியின் காசில் பிரூவரி 1857இலேயே தொடங்கியது என்பதால் இந்தக் குளிருக்கு அது பழகிய தொழில்தான். ஆனால் உரிமமின்றி வீட்டில் மது தயாரிப்பதை 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே இஞ்சி பியர், அதாவது பெயரில் மட்டும் பியரான, நுரைக்கும் இஞ்சிப் பானம். அம்மாவுக்கும் இஞ்சி பிடிக்கும்.

டிசம்பர் 29
உழவர் சந்தையில் வாங்கிய இஞ்சியைத் தோல் சீவாமல், மண் போகுமளவுக்கு மட்டும் கழுவித் துருவினேன். நுரைக்கவைக்கும் ஈஸ்ட் அந்தத் தோலில்தான் இருக்கிறதாம். இரண்டு கரண்டி இஞ்சி, இரண்டு கரண்டி சர்க்கரை, ஆறவைத்த தண்ணீர் இரண்டு டம்ளர். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலின் வாயில் வேட்டித்துணியைக் கட்டிவைத்தேன்.

டிசம்பர் 30
ஒன்றும் இல்லை.

ஜனவரி 1
விடியற்காலையில் குதிரைப்பந்தய மைதானத்துப் புல் முழுவதும் உறைபனி. சமையலறையில் 11 டிகிரி. தினமும் ஒரு கரண்டி இஞ்சியும் ஒரு கரண்டி சர்க்கரையும் போட்டுக் கிளறுகிறேன். ஜாடி குளத்துத் தண்ணீரைப்போலச் சும்மா இருக்கிறது. சமவெளியில் மூன்று நான்கு நாட்களில் நுரைத்துவிடும் என்கிறார்கள், ஆனால் அவர்கள் யாரும் உதகையில் ஜனவரியில் செய்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை. ஈஸ்ட் செத்துவிட்டதா, குளிரில் உறங்குகிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இரவு பத்து மணிவரை யோசித்தேன். தம்பி கோவையிலிருந்து பேசினான். அம்மாவின் பரிசோதனை முடிவு திங்கட்கிழமைதான் வருமாம்.

ஜனவரி 2
ஜாடியை ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரின் மேல் வைத்தேன். அங்கே கை வைத்தால் இதமாக இருக்கிறது.

ஜனவரி 4
நுரை! கரண்டியை விட்டதும் ஓசையுடன் பொங்கியது. மூக்கை அருகில் கொண்டுபோனால் சுள்ளென்று ஏறுகிறது, புளித்த மாவின் வாசனையும் கூடவே இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவை அழைத்துக் காட்டினேன். "ஏன் தம்பி, இட்லி மாவு பொங்குவதற்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜனவரி 6
திங்கட்கிழமை கடந்துவிட்டது. தம்பி கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஜனவரி 7
இரண்டு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் இஞ்சியும் 200 கிராம் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவைத்தேன். 2,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. இந்த ஊரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்று அம்மா அடுப்படியில் நின்று திட்டுவது இதனால்தான். கைச்சூட்டுக்கு ஆறும்வரை காத்திருந்து, இரண்டு எலுமிச்சையின் சாற்றையும் ஜாடியிலிருந்து வடிகட்டிய நீரில் அரை டம்ளரையும் சேர்த்தேன். சூடாக இருக்கும்போதே ஊற்றினால் பத்து நாள் பாடும் அந்த நொடியில் போய்விடும். கோலிசோடா பாட்டிலில் அடைக்க ஆசைதான், ஆனால் கண்ணாடிக்குள் வாயு கூடிக்கொண்டே போனால் வெடிக்கும். பிளாஸ்டிக் சோடா பாட்டில்களில் நான்கு விரல் இடம் விட்டு மூடினேன். விரலால் அழுத்திப் பார்த்து, கல்லைப்போல் இறுகியதும் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். அதிக நாள் வெளியில் விட்டால் சாராயச் சத்தும் ஏறும்.

ஜனவரி 8
புளிக்கவைத்த எதையும் அம்மாவுக்கு இப்போது கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தம்பி வேறு எதுவும் சொல்லவில்லை. பாட்டில்கள் இன்னும் குழைவாகவே இருக்கின்றன.

ஜனவரி 9, காலை
கொஞ்சம் இறுகியிருக்கிறது.

இரவு
மூன்றில் ஒன்று கல்லாகிவிட்டது. மற்ற இரண்டும் விரலுக்குச் சற்று வளைகின்றன. கல்லானதை ஃபிரிட்ஜில் வைத்தேன், திறக்கவில்லை. காலை ஐந்தரை மணிக் கோவைப் பேருந்தில் போகிறேன். மற்ற இரண்டையும் நாளை மாலை அழுத்திப் பார்த்து உள்ளே வைக்கும்படி அக்காவிடம் சாவியைக் கொடுத்திருக்கிறேன். ஜாடிக்கு ஒரு கரண்டி சர்க்கரை போடச் சொல்ல மறந்துவிட்டேன்.