தடைக்காலமும் தேதி அட்டவணையும்

மே 26, நாகர்கோவில்

எங்கள் மீன் கம்பெனியின் கொள்முதல் எண்களைக் காட்டும் புது டாஷ்போர்டில் ஒரு சிவப்பு அம்புக்குறி. சின்னமுட்டம் கொள்முதல் மார்ச்சைவிட மே மாதம் அடியோடு சரிந்துவிட்டதாம். அதை வடிவமைத்துக் கொடுத்த வெளியூர் நிறுவனம் "கவனம் தேவைப்படும் கிளை" என்று அறிக்கையிலும் எழுதிவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். கணக்குப் பிரிவு அக்கா திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏப்ரல் 15-க்கு அப்புறம் அங்க எந்தப் போட்டு தம்பி கடலுக்குப் போவும்?"

இந்த மாவட்டத்தில் ஒரே கம்பெனிக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருகிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் எல்லாம் மேற்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். நடுவில் ஜூன் முதல் 14 நாள் இரண்டு பக்கமும் விசைப்படகு ஓடாது. டாஷ்போர்டுக்கு எண்களைத் தரும் டேட்டா வேர்ஹவுஸில் (எல்லாக் கணக்கையும் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ்) இதைச் சொல்ல ஓர் இடமே இல்லை.

மே 27

எல்லா வேர்ஹவுஸிலும் இருப்பதுபோல இங்கேயும் ஒரு தேதி டைமென்ஷன், அதாவது தேதி விவரங்களுக்கான டேபிள், இருக்கிறது. நாளுக்கு ஒரு வரி. மாதம், காலாண்டு, நிதியாண்டு, கிழமை, "விடுமுறையா" என்று ஒரு நெடுவரிசை. கூடவே "தடைக்காலமா" என்று இன்னொரு நெடுவரிசை சேர்த்தால் முடிந்தது என்று அந்த நிறுவனத்துத் தம்பி போனில் சொன்னார். முடியாது. மே 20-ஆம் தேதிக்கு என்ன பதில் போடுவது? சின்னமுட்டத்துக்கு ஆம், குளச்சலுக்கு இல்லை. கரைக்கு ஒரு நெடுவரிசை வைத்தாலும் நாட்டுப்படகு குறுக்கே வரும். வள்ளத்துக்குத் தடையே கிடையாது. தடைக்காலத்தில் நமக்கு வரும் சாளையும் நெத்திலியும் வள்ளக்காரர்கள் தருவதுதான்.

ஆகவே தனி டேபிள். கரை, படகு வகை, தேதி வரம்பு என மூன்றே நெடுவரிசை. நாங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில் தேதி வரம்புக்கென்றே ஒரு டேட்டா டைப் இருப்பது பெரிய வசதி. ஒரே கரைக்கும் ஒரே படகு வகைக்கும் இரண்டு வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் என்ற விதி பார்த்துக்கொள்ளும். தடைக்காலம் முன்பு 45 நாளாகத்தான் இருந்தது. அந்த வருடங்களுக்கு அதற்கேற்ற வரி போட்டால் போதும், கணக்கை எடுக்கும் குவெரியைத் தொட வேண்டாம்.

மே 28

இன்று முழுக்க இதே வேலை. நேற்றைய டேபிளை விரித்து, இறங்குதளம், படகு வகை, நாள் மூன்றுக்கும் சேர்த்து ஒரு வரி வரும்படி இரவு லோடில் (அன்றைய கணக்கை வேர்ஹவுஸில் ஏற்றும் வேலை) சேர்த்தேன். அளவு எதுவும் இல்லாமல் "இன்று கடலுக்குப் போக முடியும்" என்று மட்டும் சொல்லும் வரிகள். டேட்டா வேர்ஹவுஸ் பற்றிப் புத்தகங்கள் எழுதிய ரால்ஃப் கிம்பல் இந்த மாதிரி டேபிளுக்கு ஃபேக்ட்லெஸ் ஃபேக்ட் டேபிள், அதாவது அளவே இல்லாத அளவு டேபிள், என்று பெயர் வைத்தார். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இங்கே அது இல்லாமல் ஓடாது.

ஏனென்றால் கொள்முதல் டேபிளில் வரி இல்லாத நாள் மூன்று வகை. படகு போயும் மீன் கிடைக்காத நாள். போகலாம், ஆனால் ஊரே போகாத நாள். சட்டப்படி போகக் கூடாத நாள். முதலாவதற்குத்தான் பூஜ்ஜியம் போட வேண்டும். மற்ற இரண்டும் சராசரியின் வகுத்தியிலேயே வரக் கூடாது. டாஷ்போர்டு மூன்றையும் ஒன்றாக்கி நாட்காட்டி நாட்களால் வகுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது வகையைப் பிடிக்க அக்காதான் உதவி. ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 3 சவேரியார் திருவிழா, அப்புறம் ஊருக்கு ஊர் மாறும் பங்குத் திருவிழா. ஒரு பழைய டைரியையே எடுத்து நீட்டினார்.

மே 30

காலையில் லோடு வழக்கத்தைவிட மெதுவாக ஓடியது. ஒரு ரிப்போர்ட் கருவி டேட்டாபேஸில் ஒரு டிரான்ஸாக்ஷனை (ஒரே தொகுதியாக நடக்கும் வேலை) திறந்துவிட்டு, மூடாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அது பார்க்கக்கூடும் என்பதால் பழைய வரிகளை, தானாகச் சுத்தம் செய்யும் ஆட்டோவேக்குவம் அகற்றாது. லோடு தற்காலிகமாகப் பயன்படுத்தும் ஸ்டேஜிங் டேபிள் வீங்கிக்கொண்டே போகும். செஷனை வெட்டினேன். அந்த ரிப்போர்ட் யூசருக்கு மட்டும், சும்மா இருந்தால் பத்து நிமிடத்தில் இணைப்பு அறுபடும்படி டைம்அவுட் வைத்தாயிற்று. எல்லோருக்கும் வைத்தால் லோடு வேலையே பலியாகலாம்.

ஜூன் 3

ரிப்போர்ட்டில் கோவளம் இரண்டு தடவை வருகிறது. கண்ணுக்கு ஒரே எழுத்து. ஒரே பெயர் இரண்டு தடவை வராமல் தடுக்கும் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் இருந்தும் இரண்டும் உள்ளே வந்திருக்கின்றன. பைட்டுகளை எடுத்துப் பார்த்தால், ஒரு ஆப் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக அனுப்புகிறது. இன்னொன்று ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு துண்டாக அனுப்புகிறது. யூனிகோடின்படி இரண்டும் சமம்தான், டேட்டாபேஸுக்கு வேறு வேறு. இப்படிப்பட்டவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும், போஸ்ட்கிரெஸ் 13 முதல் இருக்கும் நார்மலைஸ் ஃபங்ஷனை லோடில் மாட்டிவிட்டு, பழைய வரிகளை ஒன்றாக்கினேன். தமிழில் பெயர் வாங்கும் எந்த டேபிளும் இதை வாசலிலேயே செய்ய வேண்டும்.

ஜூன் 5

மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. நேற்றைய பேக்கப்பை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து வரிகளை ஒப்பிட்டேன். சரியாக இருக்கிறது.

ஜூன் 12

புது எண்கள் முதலாளி கைக்குப் போயின. கடலுக்குப் போகக்கூடிய நாட்களால் வகுத்தால் சின்னமுட்டம் மார்ச் கணக்குக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. சிவப்பு அம்பு போய்விட்டது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, நீண்டகரையில இருந்தும் எடுக்கலாம்னு இருக்கேன். அதையும் சேத்துரு" என்றார்.

நீண்டகரை கேரளத்தில் இருக்கிறது. அங்கே டிராலிங் தடை 52 நாள், ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 நள்ளிரவு வரை. வரம்பு ஒரு வரிதான். ஆனால் அங்கே தடை இழுவைப் படகுகளுக்கு. "விசைப்படகு" என்ற என் வகை அதற்குப் போதாது. வலை வகைக்கு ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டும். கொள்முதல் சீட்டில் அதை யார் எழுதுவது என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன்.