பஸ் நிலையத்தோடு ஒரு விடுதியும்: இங்கிலாந்தில் ஒரு திட்ட அனுமதியில் பயணிகள் கேட்டு வாங்கியவை

இங்கிலாந்தின் வடக்கே நான் இருக்கும் ஊரில், நகர மையத்திலுள்ள பழைய பேருந்து நிலையத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில் புதிய நிலையமும் அதை ஒட்டி ஆறு மாடித் தங்கும் விடுதியும் கட்ட அனுமதி கேட்டு, உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலுக்கு விண்ணப்பம் வந்தது. எங்கள் வீட்டில் கார் கிடையாது. நான் மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். மாமியார் சக்கர நாற்காலியில்தான் வெளியே போவார். அதனால் அந்த நிலையத்தில் என்ன மாறினாலும் அது எங்கள் வீட்டு விஷயம்தான்.

செய்தி பரவியதும் ஊரில் இரண்டு விதமான பேச்சு எழுந்தது. விடுதியே வேண்டாம் என்றார்கள் சிலர். எப்படியும் கட்டத்தான் போகிறார்கள், எழுதி என்ன ஆகப் போகிறது என்றார்கள் மற்றவர்கள். தினமும் பஸ்ஸில் போகும் நாங்கள் சிலர் மூன்றாவது வழியில் போனோம். கட்டுங்கள், ஆனால் என்னென்ன நிபந்தனைகளோடு என்று கேட்டோம். இங்கே ஒரு திட்டத்தை முழுதாகத் தடுக்க வலுவான காரணம் வேண்டும். நல்ல நிபந்தனை ஒன்றை வாங்குவதற்கு, தேவையைத் தெளிவாகக் காட்டினால் போதும்.

விண்ணப்பத்தின் எல்லா ஆவணங்களும் கவுன்சிலின் இணையதளத்தில் இருக்கும், விண்ணப்ப எண் தெரிந்தால் யாரும் திறந்து படிக்கலாம். கோப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். மனை வரைபடம், போக்குவரத்து அறிக்கை, ஒலி அறிக்கை, இந்த மூன்றையும் முதலில் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் திட்டத்தின் அழகைச் சொல்பவை.

அறிவிப்புப் பலகை வைத்தால் கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் தர வேண்டும். 1,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ கட்டடப் பரப்பு இருந்தால் அது பெரிய திட்டம், முடிவெடுக்க 13 வாரம் கெடு. நடைமுறையில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு கெடுவை நீட்டிக்கொள்வார்கள், எங்கள் ஊரிலும் நீட்டினார்கள். ஆனாலும் கடிதம் சீக்கிரம் போவதுதான் நல்லது. நெடுஞ்சாலைத் துறையும் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவும் தங்கள் கருத்தை எழுதுவது அதே வாரங்களில்தான்.

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீணாய்ப் போனதைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது. என் வீட்டின் விலை குறையும், என் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி மறையும், ஏற்கெனவே இருக்கும் விடுதிகளுக்கு வியாபாரம் போகும் என்று எழுதியிருந்தார்கள். இவை எதையும் கட்டட அனுமதிக்கான திட்டச் சட்டம் எடைபோடாது. போக்குவரத்து, பாதுகாப்பு, இரைச்சல், வெளிச்சம், கட்டடத்தின் உருவம், மாற்றுத்திறனாளிகள் உள்ளே வந்துபோகும் வசதி, இவைதான் எடைபோடப்படும். ஒரே கடிதத்தை நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்பினாலும் அதிலுள்ள காரணம் ஒன்றுதான்.

முதலில் எங்கள் கண்ணில் பட்டது பின்முற்றம். புதிய நிலையத்தில் பஸ்கள் கட்டடத்தை நோக்கி நேராக வந்து நின்று, பின்னால் எடுத்துத் திரும்பும் அமைப்பு. பயணிகள் உள்ளே காத்திருப்பார்கள். பஸ் வந்து நின்ற பிறகுதான் கதவு திறக்கும், பஸ் ஓடும் இடத்தை யாரும் கடக்க வேண்டியதில்லை. சக்கர நாற்காலி தள்ளுகிறவளாகச் சொல்கிறேன், இது மிக நல்ல அமைப்பு. ஆனால் 12 மீட்டர் நீள பஸ் பின்னால் வந்து திரும்ப நிறைய இடம் வேண்டும். முதல் வரைபடத்தில், விடுதிக்குத் துணி வெளுத்துக் கொண்டுவரும் வேனும் சாமான் லாரியும் அதே முற்றத்துக்குள்தான் நுழைந்தன. பஸ் பின்வாங்கும் நேரத்தில் லாரியும் பின்வாங்கினால் என்ன ஆகும்? இதை வரைபட எண்ணைக் குறிப்பிட்டு எழுதினோம். நெடுஞ்சாலை அதிகாரியும் அதையே கேட்டிருந்தார். திருத்திய வரைபடத்தில் விடுதியின் சரக்கு வாசல் பக்கத்துத் தெருவுக்குப் போனது. விண்ணப்பக்காரர்கள் இதற்கு முரண்டு பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது இரைச்சல். பொதுவாக இரைச்சல் என்றால் புதிய கட்டடம் அக்கம்பக்கத்துக்குத் தரும் தொந்தரவு என்றுதான் நினைப்போம். எங்கள் பயம் தலைகீழானது. அதிகாலை பஸ்களின் சத்தம் தாங்காமல் விடுதி விருந்தினர்கள் புகார் செய்தால், நாளைக்கு முதல் பஸ்ஸைத் தள்ளிப்போடுவார்களா? காலை ஷிஃப்டுக்குப் போகும் செவிலியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் அந்த முதல் பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கையில் 2018 முதல் இதற்கு ஒரு விதி இருக்கிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றின் பக்கத்தில் புதிதாக வருகிறவர்தான் பாதுகாப்பு ஏற்பாட்டைச் செய்ய வேண்டும், பழையதன் மேல் நியாயமற்ற கட்டுப்பாடு விழக் கூடாது. இதை மேற்கோள் காட்டி எழுதினோம். சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி இரவு நேர ஒலியை மறுபடி அளக்கச் சொன்னார். கடைசியில், பஸ் முற்றத்தைப் பார்த்த அறைகளுக்குத் திறக்க முடியாத கனத்த கண்ணாடியும், தனிக் காற்றோட்டமும், விடுதி திறப்பதற்கு முன் ஒலிச் சோதனை அறிக்கையும் நிபந்தனையாயின.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, எது முதலில் முடியும் என்பது. விடுதியால் பணம் வரும், பஸ் நிலையத்தால் செலவுதான். விடுதியை முதலில் திறந்துவிட்டுப் பஸ் நிலையத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டால், பயணிகள் மழையில் தெருவோரத்தில் எத்தனை வருஷம் நிற்பார்கள்? குறிப்பிட்ட ஒரு வேலை முடியும்வரை அடுத்ததைச் செய்யக் கூடாது என்று தடுக்கும் நிபந்தனையை இங்கே கிராம்பியன் நிபந்தனை என்கிறார்கள். 1980-களில் ஸ்காட்லாந்து வழக்கு ஒன்றிலிருந்து வந்த பெயர். அந்த வடிவத்திலேயே நாங்கள் இரண்டு வாசகங்கள் எழுதிக் கொடுத்தோம். புதிய பஸ் நிலையம் இயங்கத் தொடங்கும்வரை விடுதியில் யாரையும் தங்கவைக்கக் கூடாது. தற்காலிக நிறுத்தங்களின் திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டு, அவை தயாராகும்வரை பழைய நிலையத்தை இடிக்கக் கூடாது.

வாசகத்தில் இவ்வளவு கவனம் வைத்ததற்குக் காரணம் உண்டு. நிபந்தனை ஒவ்வொன்றும் தேவையானதாக, திட்டத்துறைக்கும் இந்தக் கட்டடத்துக்கும் தொடர்புடையதாக, அமல்படுத்தக்கூடியதாக, துல்லியமாக, நியாயமாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றில் தவறினாலும் விண்ணப்பக்காரர் மேல்முறையீட்டில் அதை உடைத்துவிடலாம். 'பயணிகளுக்குப் போதிய வசதி செய்ய வேண்டும்' என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதை மீறினார்களா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

நிலம் கவுன்சிலுடையது என்பதால் ஊரில் சந்தேகம் இருந்தது. நிலத்தை நிர்வகிப்பதும் கவுன்சில், அனுமதி தருவதும் கவுன்சில் என்றால் கேள்வி எழத்தானே செய்யும். அந்த நிலத்தால் வரும் வருமானம், அனுமதி பற்றி முடிவெடுக்கும் கவுன்சிலர்களின் திட்டக் குழுவுடைய முடிவுக்குக் காரணமாக இருக்கக் கூடாது என்பது முறை. அதனால்தான் குழுவுக்குத் திட்ட அதிகாரி தரும் அறிக்கையை வரிவரியாகப் படித்தோம். குழுக் கூட்டத்துக்கு ஐந்து முழு வேலை நாட்களுக்கு முன் அது வெளியாக வேண்டும். அதில் நிபந்தனைகள் கடைசிப் பக்கங்களில் இருக்கும், நான் அங்கிருந்துதான் தொடங்கினேன். இடிப்பு பற்றிய நிபந்தனை இருந்தது. விடுதி திறப்பது பற்றியது இல்லை.

கவுன்சிலர்களுக்கு எழுதும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 'எங்களுக்கு ஆதரவாக ஓட்டுப் போடுவேன்' என்று உறுதி கேட்காதீர்கள். குழு உறுப்பினர் மனதை மூடிக்கொண்டு கூட்டத்துக்கு வந்ததாகத் தெரிந்தால் முடிவே நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகும். நாங்கள் விடுபட்ட நிபந்தனையைச் சுட்டிக்காட்டி, அதிகாரியிடம் கேளுங்கள் என்று மட்டும் எழுதினோம்.

எங்கள் கவுன்சிலின் குழுக் கூட்டத்தில் பேச மூன்று நிமிஷம்தான் தருவார்கள். ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டே வகை என்பதால் எதிர்ப்பாளராகப் பெயர் கொடுத்தேன். விடுதியை எதிர்க்கவில்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, விடுபட்ட அந்த நிபந்தனையை வாசித்தேன். 2010 சமத்துவச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள்மேல் விழும் பாதிப்பைக் கருத்தில் கொள்ளக் கவுன்சிலைக் கடமைப்படுத்துகிறது. அதையும் சொன்னேன். மிச்ச நேரத்தில், மாமியார் சரிவுப் பலகை வழியாக பஸ்ஸில் ஏற நடைபாதையில் எவ்வளவு அகலம் தேவைப்படுகிறது என்று விளக்கினேன். பிறகு ஒரு கவுன்சிலர் அதிகாரியைக் கேட்க, அவர் சட்ட ஆலோசகரோடு பேசிவிட்டுச் சற்றே மாற்றிய வாசகத்தைப் படித்தார். அந்தத் திருத்தத்தோடு குழு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. கழிப்பறை முதல் பஸ்ஸிலிருந்து கடைசி பஸ்வரை திறந்திருக்க வேண்டும் என்ற எங்கள் கோரிக்கை மட்டும் ஏற்கப்படவில்லை. அது நிர்வாக விஷயம் என்றார்கள். எனக்கு அது இன்னும் ஏற்புடையதாக இல்லை.

குழு சரி என்றதும் அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சாலைக் கடப்புகளுக்கும் பிற வேலைகளுக்குமான பொறுப்பை எழுதும், திட்டச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் அனுமதிக் கடிதம் வரும். எங்கள் ஊரில் அதற்கே மாதங்கள் ஓடின. அதிலிருந்து வழக்கமாக மூன்று ஆண்டுக்குள் வேலை தொடங்க வேண்டும். விண்ணப்பக்காரருக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு, நம்மைப் போன்றவர்களுக்கு இங்கிலாந்தில் அது கிடையாது. நீதிமன்றச் சீராய்வு மட்டுமே வழி, அதற்கும் ஆறு வாரம்தான் அவகாசம்.

அனுமதி வந்ததும் பலர் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நிபந்தனைகளை நிறைவேற்றியதாகக் காட்டும் விண்ணப்பங்கள் அப்புறம்தான் ஒவ்வொன்றாக வரும். இவற்றுக்குப் பக்கத்து வீடுகளுக்குக் கடிதம் வராது, நாமேதான் தேடிப் பார்க்க வேண்டும். அதே திட்டச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின் கீழ் நிபந்தனையையே மாற்றக் கேட்டும் விண்ணப்பிக்கலாம். விடுதி திறப்பு பற்றிய நிபந்தனையின் எண்ணை எங்கள் குழுவில் எல்லாரும் குறித்து வைத்திருக்கிறோம். தற்காலிக நிறுத்தங்களின் வரைபடம் போன வாரம் இணையதளத்தில் ஏறியிருக்கிறது. மருத்துவமனைப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு ஒதுக்கிய இடத்தில் நடைபாதை நடுவே ஒரு விளக்குக் கம்பம் நிற்கிறது, சரிவுப் பலகையை இறக்க இடம் போதாது. நிறுத்தத்தைக் கம்பத்துக்கு அப்பால் தள்ளி அமைக்கும்படி அளவுகளோடு எழுதி அனுப்பியிருக்கிறேன். திட்ட அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.