இக்கரையில் கரண்ட் போனால் அக்கரையில் ரீஸ்டார்ட்

மண்டபத்தில் மாமாவின் ஐஸ் பிளாண்ட், ராமேஸ்வரத்தில் அவருடைய மீன் கமிஷன் கடை. கணக்கு சர்வர் கடையில். நடுவே பாம்பன் பாலம். இரண்டையும் ஒரே நெட்வொர்க்காக்க வேண்டும். புது ரவுட்டருக்கு மாமா காசு தரவில்லை. மூலையில் கிடந்த இரண்டு பழைய கோர் 2 டுவோ கம்ப்யூட்டர்களைக் காட்டினார். கரைக்கு ஒன்றாக அவற்றையே ரவுட்டராக்கினேன்.

மதர்போர்டில் ஒரு லேன் போர்ட் உண்டு. ரவுட்டருக்கு இரண்டு வேண்டும்; இன்னொன்றுக்கு ஆளுக்கொரு பழைய பிசிஐ லேன் கார்டு. மண்டபத்து கார்டின் பற்களில் உப்புக்காற்று பட்டுப் பச்சை பூத்திருந்தது. பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துச் செருகியதும் பிழைத்தது. ரவுட்டர் மென்பொருளான ஓப்பன்-டபிள்யூஆர்டியை ஏற்றி, நடுவே வயர்கார்டு டனல் (இன்டர்நெட் வழியே இரண்டு இடங்களையும் இணைக்கும் பூட்டிய பாதை) போட்டேன். கரண்ட் வந்தால் தானே ஆன் ஆகும்படி பயோஸ் என்ற மதர்போர்டு செட்டிங்கிலும் மாற்றினேன். ஒரு மெஷின் 60 வாட் இழுத்தால் ஒரு நாளுக்குச் சுமார் ஒன்றரை யூனிட். அதை மாமாவிடம் சொல்லவில்லை. பிளாண்ட் பையன்களின் யூடியூபைக் கட்டுப்படுத்த, மண்டபத்து நெட் முழுவதையும் கடை வழியே போகும்படி டனலுக்குள்ளேயே திருப்பிவிட்டேன். அங்கேதான் வினை.

மண்டபத்தில் கரண்ட் போய் வந்தால் நெட் வராது. ராமேஸ்வரத்து மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் உடனே வரும்! "என்ன மாப்ள, இங்க கரண்ட் போனா அங்க எதுக்கு அணைக்கணும்? மந்திரமா?" என்றார் மாமா. அக்கரை லைனில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு வாரம் வீணாக்கினேன்.

ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் மண்டபத்து மெஷினில் மானிட்டரை மாட்டி, தேதி கேட்கும் 'டேட்' கட்டளையை அடித்தேன். நான் கடைசியாக செட்டிங் மாற்றிய தேதியைக் காட்டியது. கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும் மதர்போர்டு பேட்டரி செத்துப்போயிருந்தது. வயர்கார்டு, இணைப்பைத் தொடங்கும் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேரத்தைச் சேர்த்து அனுப்பும். ஏற்கெனவே பார்த்ததைவிடப் பழைய நேரம் வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று எதிர்முனை ஒதுக்கிவிடும். அந்த ஞாபகம் இருப்பது எதிர்முனையான ராமேஸ்வரத்து மெஷினின் மெமரியில். ரீஸ்டார்ட் செய்தால் மறந்துபோகும், டனல் வந்துவிடும். நேரத்தை நெட்டிலிருந்து திருத்திக்கொள்ளலாமே என்றால், அந்தக் கேள்வியும் வராத டனல் வழியேதான் போயாக வேண்டும்.

மதர்போர்டுக்கு சிஆர்2032 பட்டன் செல் ஒன்று வாங்கிப் போட்டேன். இங்கே அதுவும் எத்தனை நாளோ என்று, கடை நெட்வொர்க்கை மட்டும் டனலில் விட்டு மற்றதை நேரடியாகத் திருப்பினேன். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். யாரும் பாலம் தாண்டாமலே வந்தது. பையன்களுக்கு யூடியூபும் திரும்பக் கிடைத்துவிட்டது.