கைப்பிடி வலப்பக்கம்

ஆகஸ்ட் 3
ரூ.7,400 தூண்டில் ரீல் ரூ.4,440-க்கு. 15-ம் தேதி வரைதான். பெட்டி ஓரத்தில் சின்னதாக ஓர் எழுத்து: ‘ஆர்’.

ஆகஸ்ட் 4
அந்த ‘ஆர்’தான் தள்ளுபடிக்கே காரணமாக இருக்கணும். ஆர் என்றால் ரைட், கைப்பிடி வலப்பக்கம். ஸ்பின்னிங் ரீல் என்றால் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிவிடலாம். இது பெயிட்காஸ்டர் (ராடு மேல் உட்காரும் ரீல்), இதில் கியர் முழுக்க ஒரே பக்கத் தகட்டுக்குள் இருக்கும், மாற்ற வழியில்லை. வலது கையால் வீசி, ராடை இடது கைக்கு மாற்றி, அப்புறம்தான் சுற்றணும். இரண்டு விநாடி. படகில் அது ஒரு கணக்கே இல்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் சிப்பி ஒட்டிய கல் ஓரமாக வீசும்போது, அந்த இரண்டு விநாடியில் ஜிக் (எடை வைத்த போலி இரை) இடுக்குக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

ஆகஸ்ட் 5
வலது கட்டைவிரல் கட்டு பிரிக்க இன்னும் ஒன்பது நாள்.

ஆகஸ்ட் 6
ராத்திரி முழுக்க காற்றைப் பற்றியே யோசனை. திருவொற்றியூர் தூண்டில் வளைவில் (கல்லைக் கொட்டி நீட்டியதற்கு யார் வைத்த பேரோ, அமர்க்களம்) இந்த மாதம் விடியலில் காற்று முதுகுப் பக்கம் இருக்கும். வெயில் ஏறியதும் கடல்காற்று எழும்பி நேரே முகத்தில் அடிக்கும். சிக்கு விழுவது அப்போதுதான். காற்றில் மோதி லூர் (போலி இரை) வேகம் இழக்கிறது, தூண்டில் நரம்பு சுற்றிய ஸ்பூல் மட்டும் கிளம்பிய வேகத்திலேயே சுற்றுகிறது. போக இடமில்லாத நரம்பு உள்ளேயே பொங்கி நிற்கும். பிரெய்டு (பின்னிய நரம்பு) என்றால் கத்தரிதான்.

இதை அடக்க மூன்று வழி. டென்ஷன் திருகு: லூரைக் கட்டி, கட்டைவிரல் பட்டனை அழுத்தினால் அது மெதுவாக இறங்கணும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கணும். அடுத்தது பிரேக். இந்த ரீலில் காந்த பிரேக், வெளியிலேயே திருகு. காற்று திரும்பினால் நின்ற இடத்திலேயே இரண்டு எண் ஏற்றிக்கொள்ளலாம். மையவிலக்கு பிரேக் என்றால் பெரும்பாலும் பக்கத்தகட்டைத் திறக்கணும். ஈரக்கையோடு கல்லுமேல் நின்று அதைத் திறப்பவன் தகட்டைக் கடலுக்குக் காணிக்கை கொடுத்தவன்.

மூன்றாவது, ஸ்பூலை அடக்கும் கட்டைவிரல். அது இல்லாமல் மற்ற இரண்டும் பாதிதான்.

ஆகஸ்ட் 7
லூர் பெட்டியை எண்ணிப் பார்த்தேன். 10 கிராமுக்குக் கீழே 11 லூர். மேலே 4. இந்த ஸ்பூலை இழுத்துக் கிளப்ப 10 கிராமாவது வேணும்.

ஆகஸ்ட் 8
இருக்கிற ராடு இதற்கு ஆகாது. அது ஸ்பின்னிங் ராடு. ரீல் கீழே தொங்கும், முதல் வளையம் பெரிசு. இதற்கு ரீல் மேலே உட்காரணும், விரல் கொக்கி வைத்த பிடி வேணும். ராடு 2,800, பிரெய்டு 1,100. ஆக 8,340. தள்ளுபடி போய் முழு விலையையே தாண்டியாச்சு.

ஆகஸ்ட் 9
7.1 கியர், அதாவது கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 7.1 சுற்று. ஸ்பூல் நிறைந்திருக்கும்போது விட்டம் 34 மி.மீ., ஒரு சுற்றுக்கு 76 செ.மீ. வரும். நரம்பு ஓடி விட்டம் 28-க்கு இறங்கினால் 62. கொடுவாவுக்கு வேகம் வேண்டாம்தான், ஆனால் கல் பக்கம் ஓடும் மீனைத் திருப்ப, தொய்வை உடனே அள்ளணும். கியர் சரி.

கொள்ளளவு 0.33 மி.மீ. நரம்பு 110 மீட்டர் என்று போட்டிருக்கிறது. 0.235 பிரெய்டு என்றால் ஏறக்குறைய 217 மீட்டர். 150 போதும், அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிக்கொள்ளலாம். நைலான் இல்லாமல் வெறும் ஸ்பூலில் பிரெய்டு ஏற்றினால், டிராக் (மீன் இழுத்தால் நரம்பை அளவாக விடும் பிடி) கெட்டுப்போன மாதிரி மொத்தமும் வழுக்கிச் சுழலும். டிராக்கைக் குறை சொல்லிக் கழற்றுகிற ஆட்கள் நிறைய.

ஆகஸ்ட் 10
பழைய இருப்பு. டிராக்கை இறுக்கியே வைத்திருந்தால் வாஷர் அமுங்கி, நரம்பு விட்டு விட்டு இழுக்கும். கடையில் பார்க்க வேண்டியது: டிராக்கைத் தளர்த்திக் கையால் நரம்பை இழுத்தால் சீராக வரணும். கைப்பிடி பின்னால் போகக் கூடாது. நரம்பு வழிகாட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடங்காமல் போய்த் திரும்பணும்.

ஆகஸ்ட் 11
வழிகாட்டியை ஓட்டும் திருகுத்தண்டுதான் இங்கே முதலில் சாகும். எண்ணூர் கழிமுகத்துச் சேற்றில் அனல்மின் சாம்பல் கலந்திருக்கிறது. நரம்போடு ஒட்டி வந்து அந்தப் பள்ளத்தில் உப்புக்காகிதம் மாதிரி தேய்க்கும். ஒவ்வொரு முறையும் டிராக்கை இறுக்கி, தண்ணீரை மெல்ல ஓடவிட்டுக் கழுவணும். பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். போர் தண்ணி கூடவே கூடாது, அதுவே உப்பு. மெட்ரோ தண்ணி ஒரு சொம்பு. டிராக்கைத் தளர்த்தி நிழலில் காயவைத்து, தண்டுக்கு எண்ணெய், பேரிங்குக்கு ஒரே சொட்டு.

ஆகஸ்ட் 12
லூர் இன்னும் 11-க்கு 4.

ஆகஸ்ட் 13
இடது கையால் வீசினால்? கை மாற்றவே வேண்டாம். ராடு இடதில், கைப்பிடி வலதில். ஸ்பூலை அடக்குவது இடது கட்டைவிரல், அதற்குக் கட்டும் இல்லை.

மொட்டை மாடியில் பழைய ராடு, 12 கிராம் நட்டு. இடது கையில் 10 வீச்சு. எட்டு கோணல். ஒன்று பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி மேல்.

ஆகஸ்ட் 14
கட்டு பிரிக்கவில்லை. 21-க்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

கடைக்குப் போன் போட்டேன். ஒன்றுதான் மிச்சமாம். வலப்பக்கம்.