மாமியாரின் கொள்ளுப்பாட்டியைத் தேடிப் போன கதை

என் கணவர் ஆங்கிலேயர், லங்காஷயரில் போல்டன் பக்கம். அவருடைய அம்மா வீட்டைக் காலி செய்து சின்ன ஃப்ளாட்டுக்குப் போனபோது பரணிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பா இறங்கியது. உள்ளே கறுப்பு ஓரம் போட்ட ஒரு அட்டை. விக்டோரியா காலத்தில் யாராவது இறந்தால் இப்படி அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பார்களாம், நம் ஊர்க் கருமாதிப் பத்திரிகை மாதிரி. இன்னாரின் அன்பு மனைவி, 1872 பிப்ரவரி, வயது 27 என்று இருந்தது. அந்த இன்னார் என் மாமியாரின் கொள்ளுத்தாத்தா. சரி, கொள்ளுப்பாட்டியின் அட்டை போல என்று நினைத்துக் கீழே வைக்கப் போனேன். மாமியார்தான் கேட்டார்: "என் தாத்தா பிறந்ததே 1877-இல். அஞ்சு வருஷம் முன்னாடி செத்தவள் எப்படி அவரைப் பெற்றிருப்பாள்?"

இரண்டாம் தாரம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்தது, கொள்ளுப்பாட்டி இன்ன குடும்பத்துப் பெண் என்று. (பெயர் இங்கே வேண்டாம், உறவுக்காரர் சிலருக்குப் பிடிக்காது.) அட்டையின் பின்னால் பென்சிலில் எழுதியிருந்த பிறந்த வீட்டுப் பெயரும் அதேதான். ஆக, செத்தவளும் பெற்றவளும் ஒரே வீட்டுப் பெண்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாவற்றையும் அரசு பதிய ஆரம்பித்தது 1837 ஜூலை 1 முதல். பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் ஆன்லைன் பட்டியலில் தேடுவதற்குக் காசு இல்லை, கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். பழைய அச்சுப் பட்டியல்களில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911-க்கு அப்புறம்தான் வரும். இந்த ஆன்லைன் பட்டியலில் தொடக்கத்திலிருந்தே சேர்த்திருக்கிறார்கள். அப்பாவின் குடும்பப் பெயரையும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரையும் போட்டால் அந்த ஜோடியின் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பார்கள். ஆணா பெண்ணா என்று தனித்தனியாகத் தேட வேண்டும், ஆண்டும் முன்னும் பின்னும் இரண்டுக்கு மேல் போகாது, அதனால் ஒரு குடும்பத்துக்கே ஒரு ராத்திரி முழுக்கத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

வந்தது ஒன்பது பிள்ளைகள். 1866, 1868, 1870, மூன்றும் போல்டனில். பிறகு 1875, 1877, 1879, 1882, 1884, 1887, ஆறும் ஓல்டமில். ஒன்பதுக்கும் தாயின் குடும்பப் பெயர் ஒன்றே. இறந்த பிறகும் ஒருத்தி ஆறு பெற்றிருக்கிறாள்! அட்டையில் ஆண்டைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, பின்னால் 1890-களில் இறந்த அதே பெயர்க்காரி ஒருத்தியின் இறப்புச் சான்றிதழை வாங்கினேன். வந்து பார்த்தால் அவள் வேறு எவனோ ஒரு கொத்தனாரின் மனைவி. காசு போனது. அட்டையை நம்பியிருக்க வேண்டும்.

அப்புறம் 1872-ஆம் ஆண்டுச் சான்றிதழையே வாங்கினேன். 'ஃப்தைசிஸ்' என்று போட்டிருந்தது, காசநோயை அன்றைக்கு அப்படித்தான் எழுதினார்கள். நூற்பாலைத் தொழிலாளியின் மனைவி, வயது 27, எல்லாம் சரியாக இருந்தது. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது தகவல் சொன்னவர் கட்டத்தை. கையெழுத்து இல்லை, எழுதத் தெரியாதவர்கள் போடும் ஒரு பெருக்கல் குறி. அதைச் சுற்றி எழுத்தர் ஒரு பெண்ணின் பெயரை எழுதி, 'இறக்கும்போது உடனிருந்தவர்' என்று மட்டும் குறித்திருக்கிறார். அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர், செத்தவளின் பிறந்த வீட்டுப் பெயர்.

1877 பிறப்புச் சான்றிதழும் வந்து சேர்ந்தபோது தாயின் இடத்தில் இருந்தது அந்தப் பெருக்கல் குறிக்காரியின் பெயர்!

அதற்குமேல் சென்சஸ்தான். பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்தது, நூறு வருடம் பூட்டி வைத்துவிட்டுத்தான் திறப்பார்கள். 1841-இல் யார் யாருக்கு என்ன உறவு என்றே எழுதவில்லை, 1851 முதல்தான் வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தி வருகிறது. 1871 ஏப்ரல் 2 ராத்திரி போல்டனில் அந்த வீட்டில் இருந்தவர்கள்: தலைவர், மனைவி, மூன்று பிள்ளைகள், கடைசி வரியில் 17 வயதுப் பெண், பஞ்சாலை வேலை, 'சிஸ்டர் இன் லா'. 1881-இல் ஓல்டமில் அதே ஆள். இரண்டாம் வரியில் அதே பெண், வயது 27, உறவு 'மனைவி'.

இந்த 'சிஸ்டர் இன் லா' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நமக்குக் கொழுந்தியா வேறு, நாத்தனார் வேறு, அண்ணி வேறு, ஓரகத்தி வேறு. அவர்களுக்கு எல்லாம் ஒன்று. போதாக்குறைக்கு அந்தக் காலப் பதிவுகளில் 'மதர் இன் லா' என்று எழுதிவிட்டு மாற்றாந்தாயைச் சொல்லியிருப்பார்கள். நான் மதுரைக்காரி, குடும்பப் பெயரையும் வயதையும் பார்த்ததுமே கொழுந்தியா என்று புரிந்துவிட்டது. என் சொந்த அப்பத்தாவே அப்படி வந்தவர்தான். அக்கா பிரசவத்தில் போனதும், பிள்ளைக்குச் சித்தி வேறு வீட்டிலிருந்து வரக் கூடாது என்று தங்கையைக் கட்டி வைத்தார்கள். ஊரே நின்று நடத்திய கல்யாணம் அது. இதை ஏன் மறைத்தார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

மறைக்கத்தான் வேண்டும். 1835-இல் ஒரு சட்டம் வந்து, இறந்துபோன மனைவியின் சகோதரியைக் கட்டிக்கொண்டால் அந்தத் திருமணமே செல்லாது என்றாகிவிட்டது. மனைவியின் தங்கை சொந்தத் தங்கைக்குச் சமம் என்பது சர்ச் கணக்கு. அத்தை மகளைக் கட்டலாம், மாமன் மகளைக் கட்டலாம், விக்டோரியா ராணியே தாய்மாமன் மகனைத்தான் கட்டினார். கொழுந்தியாவை மட்டும் கூடாது! என் அப்பத்தா வீட்டில் பேசிய அதே நியாயத்தை, தாயில்லாப் பிள்ளைக்குச் சித்தியைவிட யார் வேண்டும் என்பதை, பாராளுமன்றத்திலும் பேசியிருக்கிறார்கள். 1842 முதல் திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்து, பிரபுக்கள் சபையில் பிஷப்புகள் மறித்து, கடைசியில் 1907-இல்தான் சட்டம் மாறியது. கையில் காசு இருந்தவர்கள் வெளிநாடு போய்க் கட்டினார்கள். ஹோல்மன் ஹன்ட் என்ற பெரிய ஓவியர் 1875-இல் சுவிட்சர்லாந்துக்குப் போய்த்தான் கொழுந்தியாவைக் கட்டினார்.

பஞ்சாலைக்காரர் சுவிட்சர்லாந்துக்கு எங்கே போவார்? ரயில் ஏறிப் பத்துப் பதினோரு மைலில் மான்செஸ்டர் போயிருக்கிறார். இதை ஃப்ரீபிஎம்டி என்ற இலவசப் பட்டியலில் பிடித்தேன். திருமணங்களுக்கு மாவட்டம், தொகுதி, பக்கம் என மூன்று இருக்கும். போல்டன் என்றால் தொகுதி 8சி, மான்செஸ்டர் 8டி. போல்டனையே சலித்து ஒன்றும் கிடைக்காமல் 8டி பக்கம் போனதும் 1874 கடைசிக் காலாண்டில் இருவர் பெயரும் ஒரே பக்கத்தில். மான்செஸ்டர் கதீட்ரலில் அன்று ஏராளமான ஜோடிகள் கல்யாணம் செய்துகொள்வார்கள், அந்தக் கூட்டத்தில் யாரை யார் கவனிப்பது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சர்ச்சில் அறிவிப்பு வாசிப்பார்கள், ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். ஆட்சேபிக்கக்கூடியவர்கள் எல்லாம் போல்டனில். பதிவேட்டில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே மான்செஸ்டர் தெரு முகவரி, இரண்டு பேரும் அங்கே வாழ்ந்ததாக வேறு எங்கும் தடயமில்லை. அவர் 'மனைவியை இழந்தவர்', அவள் 'கன்னி'. பெண்ணின் அப்பா பெயர், தொழில் கைத்தறி நெசவாளர். அக்காவின் 1865 கல்யாணப் பதிவை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன், அதே அப்பா, அதே தொழில். 1874 பதிவின் கீழே தங்கை கையெழுத்திடும் இடத்தில் அதே பெருக்கல் குறி.

மாமியாரிடம் சட்டத்தைச் சொன்னபோது, "அப்படியானால் என் தாத்தா..." என்று நிறுத்தினார். 30 வருடம் சட்டப்படி முறையில்லாத பிள்ளைதான். 1907 சட்டம் பழைய திருமணங்களையும் செல்லுபடி ஆக்கியது, அப்போது அவருக்கு 30 வயது. அப்பாவும் அம்மாவும் உயிரோடுதான் இருந்தார்கள், இவர்கள் அந்தச் செய்தியைப் படித்தார்களா என்று எந்தப் பதிவிலும் இருக்காது.

ஆனால் 1911 சென்சஸ் இருக்கிறது. அதற்கு முந்தையவற்றில் நமக்குக் கிடைப்பது கணக்கெடுப்பாளரின் நகல், இதில் குடும்பத் தலைவரே நிரப்பிய படிவமே கிடைக்கும். நடுக்கமான, பெரிய பெரிய எழுத்து, கையெழுத்து அவருடையது. மணமாகி முழுமையான ஆண்டுகள்: 36. சரியான கணக்கு, இம்முறை மறைக்கவில்லை. அடுத்த கட்டம், 'இந்தத் திருமணத்தில்' உயிரோடு பிறந்த பிள்ளைகள். ஆறு என்று வர வேண்டும். 9 என்று எழுதியிருக்கிறார். உயிரோடு இருப்போர் 7, இறந்தோர் 2.

எழுதியவர் அவர். எண்ணிச் சொன்னது அவள் என்றுதான் நினைக்கிறேன், மாமியாரும் அதையேதான் சொல்கிறார்.

இறந்த அந்த இரண்டு பிள்ளைகள் யார் என்பது இன்னும் பாக்கி. ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டேன், 1882-இல் பிறந்த பையன், ஒன்றரை வயதில் போய்விட்டான். 1868-இல் பிறந்த பெண் 1891-இல் வீட்டில் இல்லை. கல்யாணமாகிப் பெயர் மாறியிருக்கலாம், ஓல்டம் பட்டியலில் அதே பெயரில் நான்கு பேர் இருக்கிறார்கள். மாமியார் சனிக்கிழமை கண்ணாடியும் நோட்டுமாக வருகிறார், நான்கில் இரண்டை அவர் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.