அண்ணியும் நாத்தனாரும் இருந்த வீடு

சியோலில் சாங்தொக் அரண்மனைக்குப் போனால் பின்பக்கத்து ரகசியத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பார்கள். அதற்குத் தனி டிக்கெட். எனக்குக் கிடைக்கவில்லை. சரி, வந்ததற்குச் சும்மா சுற்றிவருவோம் என்று நடந்ததில்தான் நாக்சொன்ஜே கண்ணில் பட்டது.

அரண்மனைக் கட்டடம் என்றே தோன்றவில்லை. மற்ற மண்டபங்களில் உத்தரம்வரை பச்சையும் சிவப்புமாகத் தீட்டியிருக்க, இங்கே வெறும் மரம். ஜன்னல் பின்னல்கள் மட்டும் விதவிதமாக இருக்கின்றன. ஹொன்ஜோங் மன்னர் 1847-இல் கட்டியது. அடுத்த ஆண்டே பக்கத்தில் இளையராணி கிம்முக்கு ஒரு வீடு, அதற்கடுத்துப் பாட்டிக்கு ஒரு வீடு. புருஷனுக்கும் பாட்டி மாமியாருக்கும் நடுவில் மருமகள்! கொரியாவை ஆண்ட ஜோசொன் வம்சத்தில் ராஜாவுக்குப் பெண் எடுக்கும்போது உயர்குடிகளில் மற்றக் கல்யாணங்களுக்குத் தடை போட்டுவிட்டு, மூன்று சுற்றாகப் பெண் பார்ப்பார்கள். கிம்மை எடுத்ததே வாரிசுக்காக. 1849-இல் மன்னர் வாரிசில்லாமல் இறந்துபோனார், வயது 21.

அப்புறம் நாடே ஜப்பான் கைக்குப் போனது. பட்டத்து இளவரசர் யி உன்னுக்கு மின் காப்வான் என்ற பெண்ணை முன்பே நிச்சயித்திருந்தார்கள். அதை முறித்துவிட்டு 1920-இல் ஜப்பானிய இளவரசி மசாகோவை மணமுடித்தார்கள். தனக்கு நிச்சயமான செய்தியையே மசாகோ பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டாராம். மின் காப்வான் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. யாருக்காக இரக்கப்படுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

யி உன்னின் தங்கை தொக்ஹேயை 1925-இல், பள்ளிக்கூட வயதிலேயே ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். 1931-இல் அங்கே ஒரு பிரபுவுக்குக் கட்டிவைத்தார்கள். மனநோய், விவாகரத்து, மகளின் மறைவு எல்லாம் பட்டு, 1962-இல்தான் ஊர் திரும்பினார். மறுவருடம் நோயாளிக் கணவருடன் மசாகோவும் வந்தார். கொரியர்கள் அவரை யி பாங்ஜா என்பார்கள். ஊனமுற்ற பிள்ளைகளுக்காக உழைத்தவர். இருவருக்கும் கடைசிக் காலம் இந்த வளாகத்தில்தான். தொக்ஹே இருந்தது அந்தப் பாட்டி வீட்டில்.

1989 ஏப்ரல் 21-இல் நாத்தனார் போனார். ஒன்பதாம் நாள் அண்ணி.

நான் நின்றபோது, கொரியப் பாரம்பரிய உடையான ஹன்போக்கை வாடகைக்கு எடுத்து உடுத்திய ஒரு ஜோடி வாசலில் படமெடுத்துக்கொண்டிருந்தது. ஹன்போக் போட்டால் நுழைவு இலவசம். பெண்ணின் பாவாடை படிக்கல்லில் மாட்டிக்கொள்ள, பையன் குனிந்து எடுத்துவிட்டான்.